இளமைக்குக் கொடுக்கும் விலை

கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது எண்ணைத்தான். 12 என்றால் சரி, 18 என்றால் மரியாதை, 5 என்றால் முகத்தில் ஒரு சந்தேகம். எண்ணே போடாத பாட்டில் பல பேர் கையிலிருந்து அப்படியே அலமாரிக்குத் திரும்பிவிடும். கிளாஸ்கோவில் ஒரு விஸ்கிக் கடைக்குச் சரக்கு பார்த்து வாங்கிப் போடுவது என் வேலை. டிஸ்டிலரிகளும் தரகர்களும் சிறு குப்பிகளில் மாதிரி அனுப்புவார்கள். முகர்ந்து, சுவைத்து, துப்பி, குறிப்பெழுதி, இதை வாங்கலாமா, வாங்கினால் என்ன விலைக்குப் போகும், அந்த விலைக்கு இது தகுமா என்று நான் சொல்ல வேண்டும். இருபது வயது விஸ்கிக்கு இது அவ்வளவு கடினமில்லை. நல்லதோ கெட்டதோ, அது ஆகவேண்டியது ஆகி முடிந்த சரக்கு. விலையும் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும். மூன்று, நான்கு, ஐந்து வயது சிங்கிள் மால்ட்தான் ஆளைச் சோதிக்கும்.

மேற்படிப்புக்கு வந்த கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், ஊருக்குக் கிளம்பும் முன் தன் மாமாவுக்கு ஒரு பாட்டில் வாங்க வந்தான். “அஞ்சு வருசத்துச் சரக்குக்கு அம்பது பவுண்டுங்களாண்ணா? இதே காசுக்குப் பன்னெண்டு வருசத்ததே இருக்குதுங்களே!” என்றான். நியாயமான கேள்வி. கல்லாவில் வரிசை நின்றுகொண்டிருந்ததால் சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பினேன். முழுப் பதில் கொஞ்சம் நீளம். அது சட்டத்தில் தொடங்கி, மரத்தின் வழியாகப் போய், வரிக் கணக்கில் முடியும்.

ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால், வடித்தது ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், குறைந்தது மூன்று ஆண்டு கிடக்க வேண்டும். பாட்டிலில் இறங்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும், நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரையையும் தவிர வேறொன்றும் சேர்க்கக் கூடாது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே டிஸ்டிலரி, முளைகட்டிய பார்லி மட்டும், வாலையில் தொகுதி தொகுதியாக வடித்தது. இதெல்லாம் 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகளில் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாண்டு வரம்பு யாரோ நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்ததல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் குடியால் ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடுகிறது என்று பிரிட்டன் அமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொதித்துக்கொண்டிருந்தார். அந்த நெருக்கடியில் 1915இல் ஒரு சட்டம் வந்து, இரண்டு ஆண்டு கிடங்கில் வைக்காமல் விற்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே அது மூன்றானது. போதைக்குக் கடிவாளம் போடப் பிறந்த எண்ணைத்தான் இன்று தரத்தின் முதல் படியாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய எண்ணுக்கு மயங்காத ஊர்களும் இருந்திருக்கின்றன. 1960களிலிருந்து இத்தாலியர்கள் விரும்பிக் குடித்த சிங்கிள் மால்ட், ஸ்பேசைட் பகுதியில் ரோத்தஸ் என்ற சிற்றூரில் வடிக்கும் கிளென் கிராண்ட். அதுவும் ஐந்து வயதுச் சரக்கு. வெளிறிய வைக்கோல் நிறம். உயரமான ஒல்லி வாலைகள், அவற்றின் கழுத்தில் கனமான ஆவியைத் திருப்பி உள்ளே அனுப்பும் குளிர்கலம். அந்த அமைப்பில் வருவது தொடக்கத்திலேயே மெலிந்த, பழ வாசனையுள்ள வடி. அதற்குப் பத்தாண்டு மரம் தேவைப்படவில்லை. இன்னொரு முனையில் ஐலா தீவின் லகாவுலின். அதன் 16 வயதுப் பாட்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் 1880களில் டிஸ்டிலரி டிஸ்டிலரியாகச் சுற்றிப் புத்தகம் எழுதிய ஆல்ஃபிரெட் பார்னர்ட் அங்கே குடித்துப் பாராட்டியது எட்டு வயதுச் சரக்கை. 2016இல் டிஸ்டிலரிக்கு 200 ஆண்டு நிறைந்தபோது அதை நினைவில் வைத்து எட்டு வயது லகாவுலினை 48 சதவீதத்தில் இறக்கினார்கள். எங்கள் கடையில் 16 வாங்கிப் பழகிய பல கைகள் அன்றிலிருந்து 8 பக்கமும் நீள ஆரம்பித்தன.

வடுமாங்காயைப் பழுக்காத மாம்பழம் என்று யாரும் குறை சொல்வதில்லை. நல்ல இளம் மால்ட்டும் அப்படித்தான். அதற்கென்று ஒரு ருசி இருக்கிறது, அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. அந்த ருசிக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இளமை வேறு, அவசரம் வேறு. ஒரு டிஸ்டிலரி, இந்த வடி இந்த வயதில் நன்றாக இருக்கிறது என்று பாட்டிலில் இறக்கலாம். கடன் தவணை நெருங்குகிறது, மூன்றாண்டு முடிந்துவிட்டது என்றும் இறக்கலாம். பாட்டிலில் எழுதியிருக்கும் கதை இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எது என்று கண்ணாடிக் கோப்பைக்குள் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்குப் பீப்பாய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரம் செய்யும் வேலைகள் மூன்று. முதலாவது கொடுப்பது: வனிலா, தேங்காய், கிராம்பு வாசனைகள், நிறம், கொஞ்சம் துவர்ப்பு. இரண்டாவது எடுப்பது: பீப்பாயின் உட்புறம் தீயில் கருக்கப்பட்டிருக்கும், அந்தக் கரி, புது வடியிலுள்ள கந்தக நாற்றத்தை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, மரம் வழியாகக் காற்று மெல்ல மெல்லப் புகுந்து வடியும் மரச்சாறும் ஒன்றோடொன்று கலந்து வேறொன்றாக மாறுவது. முதல் வேலை வேகமாக நடக்கும். போர்பன் விஸ்கிக்குப் புது ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், அங்கே ஒரு தடவை பயன்பட்ட 200 லிட்டர் பீப்பாய்கள் இங்கே கப்பலேறி வருகின்றன. அவற்றில் ஒரு நல்ல பீப்பாய் மூன்றே ஆண்டில் வேண்டிய வனிலாவைக் கொடுத்துவிடும். இரண்டாவது வேலைக்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். மூன்றாவதற்குக் குறுக்கு வழியே கிடையாது. ஆக, இளம் விஸ்கியில் கொடுத்தது தெரியும், எடுத்தது பாதி, மாறியது மிகக் கொஞ்சம். நான் மதிப்பிடுவது இந்தக் கணக்கை.

மாதிரிகளைக் காலையில், கடை திறப்பதற்கு முன் எடுப்பேன். காபி அதற்குப் பிறகுதான். வாசனைச் சோப்பு, சென்ட் எதுவும் ஆகாது. மேலே ஒடுங்கி வரும் கிளென்கெய்ர்ன் கோப்பைகள். வாசனை ஓடாமல் மேலே ஒரு கண்ணாடி மூடி. இளம் மாதிரியைத் தனியாக ஒருபோதும் வைக்க மாட்டேன். இடப்பக்கம், அதே விலைக்கு அலமாரியில் கிடைக்கும் பத்து அல்லது பன்னிரண்டு வயது மால்ட் ஒன்று. வலப்பக்கம், மாதிரியை வடித்த டிஸ்டிலரியின் பீப்பாய் காணாத புது வடி. கேட்டால் பெரும்பாலோர் ஒரு சிறு குப்பி அனுப்பிவைப்பார்கள். இடப்பக்கக் கோப்பை விலையை நினைவூட்டும். வலப்பக்கம் இருப்பது, மரம் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். கலவை செய்பவர்கள் சில சமயம் நீலக் கண்ணாடியில் முகர்வது இதற்காகத்தான். கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போய்விடும். பழைய போர்பன் பீப்பாயில் நான்காண்டு கிடந்தது வைக்கோல் நிறத்தில்தான் இருக்க முடியும். நான்கு வயதில் கருப்பட்டி நிறம் என்றால், புதிதாக ஷெர்ரி அல்லது வேறு ஒயின் ஊறிய பீப்பாயாக இருக்கும், சின்னப் பீப்பாயாக இருக்கும், இல்லாவிட்டால் சாயம். இவற்றில் எதுவும் குற்றமில்லை. ஆனால் எது என்று டிஸ்டிலரி சொல்ல வேண்டும்.

மூக்கைக் கோப்பைக்குள் விட்டதும் ஆல்கஹால் குத்தும். வாயைச் சற்றுத் திறந்து, கோப்பையைத் தாடைக்குக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவந்தால் குத்தல் குறையும். பிறகு பழங்கள் வரும். பேரிக்காய், பச்சை ஆப்பிள், வாழைப்பழ மிட்டாய். இவை புளிக்க வைக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள். இளமையின் அடையாளம், குறையில்லை. புளிக்க வைக்கும் நேரத்தை 48 மணியோடு நிறுத்தாமல் மூன்று நாள், நான்கு நாள் என்று விட்டவர்களின் வடியில் இவை கூடுதலாக இருக்கும். பின்னணியில் பொங்கிய இட்லி மாவின் மெல்லிய புளிப்பும் தெரியும், ஏனென்றால் அங்கேயும் வேலை செய்வது லாக்டிக் பாக்டீரியாதான். அடுத்து தானியம்: வறுத்த சத்துமாவு, ஊறிய முளைப்பயறு. இதுவும் எனக்குப் பிடிக்கும். பார்லியிலிருந்து வந்த ஒன்று பார்லி வாசனை அடித்தால் அதில் என்ன தப்பு?

என் பேனா நிற்கும் இடங்கள் வேறு. வெந்த முட்டைகோஸ், அணைத்த தீக்குச்சி, ரப்பர்: இது கந்தகம், கரி இன்னும் எடுத்து முடிக்கவில்லை. இந்தப் பீப்பாயை இன்னும் சில ஆண்டு விட்டிருந்தால் போயிருக்கும், விடவில்லை என்று பொருள். நகப்பூச்சு வாசனை தூக்கலாக வந்தால், வாலையிலிருந்து முதலில் ஒழுகும் தலைவடியைச் சரியாகக் கழிக்கவில்லை. ஈரத் தோல், வியர்த்த துணி, பழைய சீஸ் என்று வந்தால், கடைசியில் வரும் வால்வடியை வெட்டாமல் நீட்டிவிட்டார்கள். லிட்டர் கூட வரும் என்ற ஆசை. கந்தகம் அவசரத்தின் சுவடு. வால்வடி பேராசையின் சுவடு. வேண்டுமென்றே கனமான வடி செய்யும் பழைய டிஸ்டிலரிகள் உண்டு. ஆனால் அவர்கள் அதை மூன்று வயதில் விற்பதில்லை.

வாயில் முதல் மடக்கு நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவதில்தான் கணக்கு. நுனிநாக்கு, நடுநாக்கு, விழுங்குமிடம் என்று பிரித்துக்கொள்வேன். அவசரத்தில் இறக்கிய விஸ்கி நுனிநாக்கில் அருமையாக இருக்கும்: வனிலா, தேன், கேரமல். நடுவில் ஒன்றுமே இராது. முடிவில் ஆல்கஹால் சூடும் மரத் துவர்ப்பும் மட்டும் மிஞ்சும். நடுநாக்கின் அந்தப் பள்ளத்தை எந்தப் பீப்பாயாலும் மூன்றாண்டில் நிரப்ப முடியாது. வடியிலேயே சதை இருந்தால்தான் அது நிரம்பியிருக்கும்.

பிறகு தண்ணீர். ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் வெளியிட்ட ஒரு கணினி ஆய்வு, புகை வாசனை தரும் குவாயகால் மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது என்று காட்டியது. விஸ்கித் தொழிலில் தண்ணீர் விட்டு முகர்வது அதற்கு வெகுகாலம் முந்திய வழக்கம். ஆய்வுக்கூடங்களில் 20 சதவீதம் வரைகூட இறக்கி முகர்வார்கள். நான் சொட்டுச் சொட்டாக 30 வரை போவேன். தண்ணீர் பட்டதும் மரப்பூச்சு விலகும். நல்ல இளம் வடி அப்போது திறந்துகொள்ளும், பழம் கூடும். பூச்சை நம்பி வந்தது அங்கே சரியும். கடைசியாகப் புது வடிக்காரர்களின் பழைய சோதனை: சில துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, ஆல்கஹால் பறந்ததும் முகர்வது. சுத்தமான தானிய வாசனை மிஞ்சினால் அடிப்படை நன்றாக இருக்கிறது. கோப்பைகளைக் கழுவாமல் விட்டு மறுநாள் காலையும் முகர்ந்து பார்ப்பேன். ராத்திரி முழுக்கக் காய்ந்த கோப்பை எதையும் மறைக்காது.

புகை விஸ்கிக்குத் தனிக் கவனம் வேண்டும். பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் மால்ட்டை உலர்த்துவதால் வருவது அந்த வாசனை. ஆண்டு ஏற ஏறப் புகை அடங்கும். அதனால் பீட் விஸ்கி இளமையிலேயே முழுக் குரலில் பேசும். ஐலாவில் 124 ஆண்டுக்குப் பின் கட்டிய முதல் புது டிஸ்டிலரி கில்ஹோமன். அந்தனி வில்ஸ் தொடங்கியது. 2005இல் வடிக்க ஆரம்பித்தது. 2009இல் மூன்று வயதில் முதல் பாட்டில் இறக்கினார்கள்: போர்பன் பீப்பாயில் வளர்ந்து கடைசிச் சில மாதம் ஷெர்ரி பீப்பாயில், 46 சதவீதம். மூன்று வயதுக்குள் சாம்பல், எலுமிச்சை, மால்ட் இனிப்பு மூன்றும் ஒழுங்காக அடுக்கி நின்றன. இளம் மால்ட் பற்றி இங்கே பலர் மனம் மாறியது அந்தப் பாட்டிலுக்குப் பிறகுதான். 2020இல் ஆர்ட்பெக் டிஸ்டிலரி ஐந்து வயது என்று வெளிப்படையாக எண் போட்டு ‘வீ பீஸ்டி’யை 47.4 சதவீதத்தில் இறக்கி, தங்கள் பத்து வயதுச் சரக்கைவிடக் குறைந்த விலை வைத்தது. இதைத்தான் ஒழுங்கான விலை என்பேன்.

புகைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது குறையையும் மூடும். வாடிக்கையாளர்கள் பீட் அளவைக் காட்டும் பிபிஎம் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆர்ட்பெக் மால்ட் 55 என்ற அளவு. புரூக்லாடி டிஸ்டிலரியின் ஆக்டோமோர் வரிசையில் 2017இல் வந்த ஒன்று 309.1. ஆனால் இந்த எண் மால்ட்டில் அளந்தது. ஊறி, புளித்து, வாலையேறி, வெட்டுப்பட்டு வருவதற்குள் பெரும்பங்கு போய்விடும். ஆக்டோமோர் ஐந்து வயதிலேயே நூறு பவுண்டுக்கு மேல் விற்பதற்குக் காரணம் அந்த எண்ணின் பயமுறுத்தல் மட்டுமல்ல. புகைக்கு அடியில் வழுவழுப்பான, தடித்த வடி இருக்கிறது. எந்தப் புகை மாதிரி வந்தாலும் நான் கேட்கும் கேள்வி அதுவே: புகையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அவசரத்தைக் குறைக்கும் நேர்மையான வழிகளும் உண்டு. புதுத் தலைமுறை டிஸ்டிலரிகள் பலவற்றுக்கு ஆலோசகராக இருந்தவர் டாக்டர் ஜிம் ஸ்வான், 2017இல் இறந்துபோனார். கில்ஹோமன், ஃபைஃப் பகுதியின் கிங்ஸ்பார்ன்ஸ், லிண்டோர்ஸ் அபே முதல் தைவானின் கவலான் வரை அவர் கைபட்டது. பழைய சிவப்பொயின் பீப்பாய்களின் உட்புறத்தைச் சீவி, வாட்டி, மறுபடி கருக்கிப் பயன்படுத்தும் முறையை அவர்தான் பரப்பினார். கொடுக்கும் வேலையும் எடுக்கும் வேலையும் இரண்டுமே இதில் வேகமாகும். ஆனால் அவர் போன இடமெல்லாம் முதலில் பார்த்தது வடி சுத்தமாக வருகிறதா என்பதை: மெதுவான வடிப்பு, ஒடுக்கமான நடுவெட்டு. பீப்பாய் அதற்குப் பிறகு. அவருடைய பீப்பாயை மட்டும் எடுத்துக்கொண்டு வெட்டை விட்டுவிட்டவர்களின் மாதிரிகளும் என் மேசைக்கு வருகின்றன. அப்படி ஒன்று, போர்ட் ஒயின் பீப்பாய் என்று பெருமையாக எழுதி, மாதுளம் நிறத்தில் வந்தது. முகர்ந்தால் ஜாம். 30 சதவீதத்துக்கு இறக்கியதும் ஜாம் விலகி, கொதிக்கும் முட்டைகோஸ் எழுந்தது. கேட்ட விலை எழுபது பவுண்டுக்கு மேல். வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். வேறு கடைகளில் அது வேகமாக விற்றும் போனது, பெட்டி அழகு.

இனி விலை. பிரிட்டனில் 45 பவுண்டு போட்ட ஒரு 70 சென்டிலிட்டர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம், 46 சதவீதம். அதில் 7 பவுண்டு 50 பென்ஸ் விற்பனை வரி. மதுத் தீர்வை, 2025 பிப்ரவரியில் வந்த கணக்குப்படி, ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 32.79 பவுண்டு, இந்தப் பாட்டிலுக்கு 10.56. மிஞ்சுவது 27 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து கடையின் லாபம், மொத்த வியாபாரி, லாரி, பாட்டில், தக்கை, பெட்டி எல்லாம் போய், மீதிதான் பார்லிக்கும் பீப்பாய்க்கும் ஆளுக்கும் கடன் வட்டிக்கும். பெரிய டிஸ்டிலரி ஒரு வாரத்தில் வடிப்பதைச் சின்ன டிஸ்டிலரி பல மாதத்தில் வடிக்கும். அதனால் சின்னவர்களின் நான்கு வயது, பெரியவர்களின் பன்னிரண்டு வயதின் விலைக்கு வந்து நிற்கிறது. கோயம்புத்தூர்ப் பையன் கேட்டதற்குப் பணக் கணக்கில் பதில் இதுதான். வயதால் கூடும் செலவு அவன் நினைத்த அளவு பெரிதல்ல: ஸ்காட்லாந்துக் கிடங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகும். நான்காண்டில் 8 சதவீதம், பத்தாண்டில் 18. ஆறாண்டு கூடுதலாக வைப்பதில் ஆவியாவது இன்னொரு 10 சதவீதம்தான். அதைவிடப் பெரிய செலவு அந்த ஆறாண்டும் முடங்கிக் கிடக்கும் முதல். புது டிஸ்டிலரியிடம் இல்லாதது அந்த முதல்தான்.

இதனால் சின்னவர்கள் கேட்கும் விலை நியாயம் என்று ஆகிவிடாது. அவர்களுடைய செலவு அவர்களுடைய பாடு. வாங்குகிறவர் குடிப்பது செலவை அல்ல. நான் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்பேன். பாட்டில் 50 சென்டிலிட்டரா? அப்படியானால் 45 பவுண்டு என்பது வழக்கமான பாட்டில் அளவில் 63 பவுண்டு. பீப்பாய் வலுவில் 58 சதவீதத்துக்கு இறக்கியதா? அதில் தண்ணீர் விட்டு 46க்குக் கொண்டுவந்தால் 88 சென்டிலிட்டர் கிடைக்கும். விலை சற்றுக் கூடினாலும் பொருந்தும். 40க்கு நீர்த்து, குளிர்வித்து வடிகட்டி, சாயமும் சேர்த்ததா? இளம் வடியில் இருக்கும் கொஞ்ச எண்ணெய்ச் சதையும் வடிகட்டியில் போயிருக்கும். விலை இறங்க வேண்டும். கடைசியாக, இடப்பக்கக் கோப்பை. அரன் 10 போல, 46 சதவீதத்தில், சாயமில்லாமல், குளிர்வடிகட்டாமல் வரும் ஒரு ஒழுங்கான பத்து வயது மால்ட் அங்கே இருக்கும். இளம் மாதிரி அதைவிட விலை கூடுதலாகக் கேட்டால், அதில் இல்லாத ஒன்றை இது தர வேண்டும்: பண்ணைப் பார்லியின் குரலோ, புகையின் வீச்சோ, நீண்ட நொதிப்பின் பழமோ. “அதே மாதிரிதான், ஆனால் இளசு” என்றால், அதற்கு அந்த விலை இல்லை.

வயதெண் எதைச் சொல்லாது என்பதற்கு, விஸ்கிகளைக் கலந்து விற்கும் காம்பஸ் பாக்ஸ் கொடுத்த பாடம் நல்லது. விதிப்படி பாட்டிலில் போட முடிந்த வயது, உள்ளே இருப்பதில் மிக இளசானதன் வயது மட்டுமே. 2015இல் அந்த நிறுவனம் தன் கலவையிலுள்ள ஒவ்வொரு விஸ்கியின் வயதையும் வெளியிட்டதற்குப் புகார் வந்து, தகவலை நீக்க வேண்டியதாயிற்று. 2016இல் அவர்கள் ‘மூன்று வயது டீலக்ஸ்’ என்று ஒன்றை இறக்கினார்கள். அதில் மூன்று வயது மால்ட் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் அதைவிட மிக மூத்தவை. சட்டம் அனுமதித்த எண் 3 மட்டும். மேற்குக் கரைத் தீபகற்பத்தில் 2014இல் தொடங்கிய ஆர்ட்னமர்ஹன் வேறு வழி எடுத்தது. 2020இல் வந்த முதல் சிங்கிள் மால்ட்டில் வயதெண் இல்லை. ஆனால் பாட்டிலில் ஒரு கியூஆர் குறியீடு. செல்போனைக் காட்டினால் பார்லி, பீப்பாய் விவரம் எல்லாம் வரும். புகையுள்ள வடியும் இல்லாத வடியும் கலந்து, போர்பன், ஷெர்ரி பீப்பாய்களில், 46.8 சதவீதம், விலை 45 பவுண்டு அளவில். முதல் வெளியீடு என்று மூன்றிலக்க விலை வைத்திருந்தாலும் சேகரிப்பாளர்கள் வாங்கியிருப்பார்கள். ஆர்ட்னமர்ஹன் குடிப்பவர்களுக்கு விலை வைத்தது.

எண்ணைப் பார்த்து வாங்கும் நம்மவர்களுக்கு நான் பெங்களூரைக் காட்டுவேன். அங்கே வடிக்கும் அம்ருத் சிங்கிள் மால்ட் முதன்முதலில் அறிமுகமானது இதே கிளாஸ்கோவில், 2004இல். பெங்களூர் வெயிலில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஆவியாகும். பீப்பாய் அவ்வளவு வேகமாகக் கொடுக்கும். பன்னிரண்டு ஆண்டு வைத்தால் எடுக்க மிச்சமே குறைவு. அங்கே ஐந்து என்பது இங்கே ஐந்து அல்ல. ஒரே எண் இரண்டு கிடங்கில் இரண்டு பொருள் தரும்போது, எண்ணுக்குக் காசு கொடுப்பதில் என்ன இருக்கிறது?

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எளிது. முதல் வெளியீட்டைப் பாட்டிலாக வாங்காதீர்கள். பாரில் ஒரு சிறு அளவு குடித்துப் பாருங்கள், தண்ணீர் விட்டும் பாருங்கள். எந்தப் பீப்பாய், எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலையும் மழுப்பல்தான். கடைக்காரனாக நான் நம்பும் அளவுகோல் இன்னும் எளிது. முதல் பாட்டிலைப் புதுமை விற்றுவிடும், ஊர்ப்பாசம் விற்றுவிடும், பெட்டி விற்றுவிடும். அதே ஆள் ஆறு மாதம் கழித்து வந்து, தள்ளுபடி கேட்காமல், அதே இளம் மால்ட்டின் இரண்டாவது பாட்டிலை எடுத்தால் அந்த விலை சரியான விலை. மாதிரிக் குறிப்பின் கீழே ஒவ்வொரு முறையும் நான் எழுதுவது மதிப்பெண் இல்லை. இரண்டாவது பாட்டிலை வாங்க வருவார்களா, மாட்டார்களா என்பதுதான். வருவார்கள் என்று தோன்றினால், மூன்று வயதோ முப்பது வயதோ, ஆர்டர் போட்டுவிடுவேன்.